கண்ணாடிக்கடைக்காரர் கார் பழகிய கதை

பெரிய நகரத்தில் ஒருவரோடு சண்டை போட்டால் அன்றோடு தீர்ந்தது. பஸ்ஸில் காலை மிதித்தவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு இறங்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். ஜென்மத்துக்கும் அவன் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்கடைக்காரர் இளம் வயதில் அப்படியொரு நகரத்தில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி, மனைவியின் அக்கா குடும்பம் இருந்த இந்தச் சின்ன ஊருக்கே வந்து, பேருந்து நிலையத்துக்கு எதிரில் கடை போட்ட பிறகுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. இங்கே சண்டையைத் தொடங்குவது சுலபம். அதைக் கட்டிக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

ஊர் ஒன்றும் பட்டிக்காடு இல்லை. மணிக்கூண்டு உண்டு, கல்லூரி உண்டு, லிஃப்ட் வைத்த துணிக்கடை உண்டு. என்ன, எல்லாமே ஒவ்வொன்றுதான் உண்டு. உருப்படியான பல் டாக்டர் ஒருவர். நம்பித் தலையைக் கொடுக்கக்கூடிய சலூன் ஒன்று. நடைப்பயிற்சிக்கு ஒரு மைதானம். கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்க இவர் ஒருவர். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு டிரைவிங் ஸ்கூல். அதை நடத்தியவர் இவருடைய சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர்.

சகலை ஆஜானுபாகுவான ஆள். குரலும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் பொறுமையின் சிகரம். நடுங்கிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்களை எல்லாம் குழந்தைக்கு நடை பழக்குவது போலப் பழக்கிவிடுவார். அந்தப் பழைய வெள்ளைக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பாதிப் பேர் அந்த பிரேக்கின் புண்ணியத்தில் உயிரோடு இருப்பவர்கள்.

சண்டை ஆரம்பித்தது சலூனில். ஒரு நாள் காலையில் சகலை அங்கே முடி வெட்டிக்கொண்டிருந்தபோது, மூக்கில் இருந்த புதுக் கண்ணாடியைப் பற்றி சலூன்காரர் விசாரித்தார். சகலை தமாஷாக, "நம்ம சகலை போட்டுக் குடுத்ததுதான். இதைப் போட்டா என் பொண்டாட்டிகூட அழகாத் தெரியுறா, அப்ப எவ்வளவு நல்ல கண்ணாடின்னு பார்த்துக்கோங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு சலூனைத் தாண்டி மருந்துக்கடைக்குப் போனது. அங்கே, "கண்ணாடியில ஆள் மாறித் தெரியுதாம்" என்று ஆனது. பேங்க் வாசலில், "இருக்கிறது தெரியலையாம், இல்லாததுதான் தெரியுதாம்" என்று வளர்ந்தது. டீ நேரத்துக்குக் கண்ணாடிக்கடைக்கு வந்து சேரும்போது அதற்குக் கை, கால் எல்லாம் முளைத்திருந்தது.

"நீங்க கண்ணாடி போட்டு உங்க சகலைக்குப் பார்வையே போயிடுச்சாமே?" என்று கேட்டார் டீக்கடைக்காரர், துக்கம் விசாரிக்கும் குரலில்.

கண்ணாடிக்கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தொழிலைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? "அவர்கிட்ட வண்டி பழகினவங்க எங்க கொண்டுபோய் நிறுத்துவாங்கன்னு மருந்துக்கடைக்காரரைக் கேளுங்க" என்றார். போன மாதம்தான் ஒரு மாணவர் மருந்துக்கடைப் படிமேல் காரை ஏற்றியிருந்தார். இந்தப் பேச்சும் கிளம்பிப் போய், வழியெல்லாம் சதை போட்டு, சகலையின் காதில் விழுந்தபோது கொலைக் குற்றமாக மாறியிருந்தது.

சாயங்காலம் ஃபோன் வந்தது.

"இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத."

"வெத்திலை பாக்கு வச்சுக் கூப்பிட்டாலும் மிதிக்க மாட்டேன்!"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஃபோனை வைத்தார்கள்.

அக்காவும் தங்கையும் இதில் தலையிடவே இல்லை. தினமும் காலையில் ஃபோனில் பேசிக்கொள்வது அவர்கள் வழக்கம். அது ஒரு நாள்கூடத் தவறவில்லை. "உன் வீட்டுக்காரர் இன்னும் உர்ருன்னுதான் இருக்காரா?" என்று அக்கா கேட்பாள். "ஆமாக்கா, அங்க எப்படி?" என்று தங்கை கேட்பாள். பிறகு இருவரும் மற்ற விஷயங்களுக்குப் போய்விடுவார்கள்.

சகலையைப் பார்க்காமல் இருப்பதற்குக் கண்ணாடிக்கடைக்காரர் படாத பாடு பட்டார். மைதானத்தில் சகலை நடக்கும் அதே நேரத்தில்தான் இவரும் நடப்பார். அவரோடு ஒரே திசையில் நடந்தால் அந்த அகலமான முதுகையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். அது பிடிக்காமல் எதிர்த்திசையில் நடந்தார். இப்போது சுற்றுக்கு இரண்டு முறை நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் வானத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. நடையை நிறுத்தினார். தொப்பை போட்டது.

ஊர் இந்தச் சண்டையை ஒரு பொதுக் காரியமாக எடுத்துக்கொண்டது. சகலைகள் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது தங்கள் பொறுப்பு என்று எல்லோரும் நினைத்த மாதிரி இருந்தது. இவர் பேங்க்குக்குக் கிளம்பினால் டீக்கடைக்காரர் ஓடி வந்து, "கொஞ்சம் பொறுங்க, உங்க சகலை உள்ள இருக்காரு" என்பார். சலூன்காரர் ஃபோன் போட்டு, "இப்ப வரலாம், கிளம்பிட்டாரு" என்பார். இதனால் நடந்தது என்னவென்றால், ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் தெரிந்ததைவிடச் சகலையைப் பற்றிப் பத்து மடங்கு அதிகமாக இவருக்குத் தெரிய வந்தது. என்ன சட்டை போட்டார், எந்தக் கடையில் நின்றார், யாரிடம் என்ன பேசினார் எல்லாம் தேடி வந்து காதில் விழுந்தது.

"இன்னிக்குப் பாருங்க, துணிக்கடை வாசல்ல பொம்மை நிக்குதில்ல, அதுக்கு வணக்கம் வச்சுட்டுப் போறாரு" என்றார் டீக்கடைக்காரர்.

கண்ணாடிக்கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

"என்னை எதிர்ல பார்த்துட்டு கண்டுக்காமப் போறாரு. நான் என்ன பண்ணினேன்?" என்று குறைப்பட்டார் சலூன்காரர்.

"திமிரு" என்றார் இவர் திருப்தியோடு.

"பேப்பரைத் தலைகீழா வச்சுக்கிட்டுப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாரு" என்றார் மருந்துக்கடைக்காரர். "லைட் வெளிச்சம் பட்டா கண்ணு கூசி முகத்தைத் திருப்பிக்கிறாரு. பச்சை கலர் மாத்திரைய நீலம்னு சொல்லிச் சண்டைக்கு வர்றாரு."

அந்தத் தடவை இவருக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்துக்கடைக்காரர் போன பிறகும் கையில் இருந்த ஃபிரேமைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்துத் துடைத்து அதில் துடைக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. பொம்மைக்கு வணக்கம். எதிரில் வருபவரைத் தெரியவில்லை. வெளிச்சம் கூசுகிறது. நிறம் மங்குகிறது. இப்படிப்பட்ட கண்களை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். கண்புரை. நன்றாக முற்றிவிட்டது. அந்தக் கண்ணோடு அந்த மனுஷன் தினமும் ஊருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கையில் இருந்த ஃபிரேமைக் கீழே வைத்தார்.

யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னால் அக்காவுக்குப் போகும். அக்கா பதறி ஒரு சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகும். மதியத்துக்குள் சலூனுக்கு வந்துவிடும். டிரைவிங் மாஸ்டருக்குக் கண் தெரியாது என்று ஊருக்குத் தெரிந்தால் அதற்குப் பிறகு எவன் போய் அந்த வண்டியில் உட்காருவான்? அதுவும் சொன்னது இவர் என்று தெரிந்தால், சண்டைக்குப் பழி வாங்கிவிட்டார் என்றுதான் ஊர் பேசும். சகலையிடமே நேரில் சொல்ல வேண்டும். யார் காதிலும் விழாமல் சொல்ல வேண்டும். இந்த ஊரில் இரண்டு பேர் யார் காதிலும் விழாமல் பேச ஓர் இடம் உண்டா என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கடைசியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, எதிர்ச் சாலையில், அந்த வெள்ளைக் கார் திக்கித் திக்கிப் போனதைப் பார்த்தார். ஜன்னல்கள் ஏற்றிவிடப்பட்டிருந்தன.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம், "நான் கார் பழகப் போறேன்" என்றார்.

"எந்தக் காரை ஓட்டுறதுக்கு?" என்றாள் அவள். அவர்கள் வீட்டில் இருந்தது ஒரு ஸ்கூட்டர்.

"பின்னால உதவும்."

"எங்க பழகுவீங்க?"

"ஊர்ல ஒரு ஸ்கூல்தானே இருக்கு?"

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அக்காவுக்கு ஃபோன் போட்டாள். உள்ளே நெடுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

டிரைவிங் ஸ்கூலில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வது அக்காதான். மறுநாள் இவர் போய் நின்றதும், யாரோ எவரோ என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "உட்காருங்க சார். கார் பழகணுமா சார்?" என்றாள். உள்ளே இருந்து சகலை எட்டிப் பார்த்தார். உருவத்தைப் பார்த்தவருக்கு ஆள் யாரென்று பிடிபடவில்லை. இவர் தொண்டையைக் கனைத்த பிறகுதான் முகம் இறுகியது.

"இவருக்கு நம்மளால சொல்லிக் குடுக்க முடியாதுன்னு சொல்லு."

"ஏன் முடியாது? படியேறி வந்தவங்களைத் திருப்பி அனுப்புற பழக்கம் நம்ம ஸ்கூல்ல கிடையாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?" என்றாள் அக்கா.

சகலை தன் பேச்சிலேயே மாட்டிக்கொண்டார். சாவியை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார்.

காருக்குள் புதுச் சிக்கல். பேசாமல் எப்படிக் கார் பழக்குவது? "நீ" என்றால் உறவு. "நீங்க" என்றால் மரியாதை. இரண்டையும் கொடுக்கச் சகலை தயாராக இல்லை. எனவே முன்கண்ணாடியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"வண்டியில உட்கார்ந்தவங்க முதல்ல கதவைச் சாத்தணும்."

"சாத்தியாச்சு" என்றார் இவர், ஸ்டியரிங்கிடம்.

"கால் இருக்கிறவங்க கிளட்ச்சை மிதிக்கலாம்."

"மிதிச்சாச்சு."

"அது பிரேக்."

வண்டி தவளை மாதிரி தத்தித் தத்திக் கடைத்தெருவுக்கு வந்தது. ஊரே வாசலுக்கு வந்து நின்றது. டீக்கடையில் டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. சலூன்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். அவர் பின்னாலேயே பாதி முகத்தில் நுரையோடு ஒருவரும் வந்தார். மணிக்கூண்டு முக்கில் போக்குவரத்துக் காவலர் நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, ராஜா ஊர்வலத்துக்கு வழி விடுவது போல வழி விட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் தன் சோதனையைத் தொடங்கினார்.

"வண்டி ஓட்டறவங்களுக்கு ஒரு சந்தேகம். அங்க தூரத்துல மஞ்சள் போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்" என்றார் சகலை பட்டென்று. சரியாக இருந்தது.

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"குறுகிய பாலம்." அதுவும் சரி.

இவருக்குக் குழப்பமாகப் போய்விட்டது. ஒருவேளை தான்தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ? அப்புறம்தான் உறைத்தது. இந்தத் தெருக்களில் இத்தனை வருஷமாகப் போய்வருகிறவருக்குப் போர்டுகளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஊரே மனப்பாடம். சின்ன ஊரில் எது மாறுகிறது, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். சகலையும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்.

ஆனால் போன வாரம் ஒன்று மாறியிருந்தது. கல்லூரிச் சாலை முனையில் இருந்த சைக்கிள் கடையைக் காலி செய்துவிட்டு, அங்கே ரோஸ் நிறத்தில் ஒரு கேக் கடை வந்திருந்தது.

"அது என்ன கடை?" என்றார் இவர்.

"சைக்கிள் கடை. இதுகூடத் தெரியாமலா இந்த ஊர்ல குடியிருக்காங்க?"

"சைக்கிள் கடையா?"

"அதான் வாசல்ல டயர் தொங்குதே!"

தொங்கியது டயர் இல்லை. நடுவில் ஓட்டை போட்டு அட்டையில் செய்த ஒரு பெரிய கேக். கண்ணாடிக்கடைக்காரரின் கால் கிளட்ச்சிலிருந்து தானாக எழும்பியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது.

"சகல," என்றார் அவர். ஸ்டியரிங்கைப் பார்த்து இல்லை, ஆளைப் பார்த்து. "அது கேக் கடை."

சகலை அந்தக் கடைப் பக்கம் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் இருந்து பார்த்தபோது அவர் கருவிழிக்குள் பால் கலந்தாற்போல வெளுத்திருந்தது தெரிந்தது. பிறகு, "தண்ணித் தொட்டிப் பக்கம் விடு. அங்க யாரும் இருக்க மாட்டாங்க" என்றார். "விடு" என்று சொன்னதை இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வண்டி நின்றது.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். கண்ணைக் காட்டாம பழைய நம்பருக்கே உங்கிட்ட போட்டு வாங்கின கண்ணாடியும் எடுபடல. அதைச் சொன்னா நீ கண்ணைத் திறந்து பார்ப்பே. பார்த்தா கண்டுபிடிச்சுடுவே. அதான் சலூன்ல தமாஷ் பண்ணிச் சமாளிச்சேன். அது சண்டையில போய் முடிஞ்சுது. சரி, அதுவும் நல்லதுன்னு விட்டுட்டேன்."

"நல்லதா?"

"சண்டைன்னா உன் முன்னால உட்கார வேண்டாமே?" என்றார் சகலை. அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்றே தெரியவில்லை. "கண்ணு போயிட்டா வண்டி போயிடும். வண்டி போயிட்டா நான் யாரு, சொல்லு. எத்தனை நாளைக்கு இன்னும் தெரியும்? அதை மட்டும் மறைக்காமச் சொல்லிடு."

கண்ணாடிக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். "கண்ணு போகுதா? யோவ் சகல, இது கண்புரை. ஆபரேஷன் பண்ணினா சரியாப் போயிடும். மொதல்ல ஒரு கண்ணு, அப்புறம் இன்னொண்ணு. அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம்."

"நிஜமாவா?"

"இதுல யாராவது பொய் சொல்லுவாங்களா?"

சகலை திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோபமாக, "இதை முன்னாலயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்றார்.

"பேசினாத்தானே சொல்றதுக்கு!"

திரும்பி வருவதுதான் பெரிய கூத்தாக இருந்தது. கண் தெரிந்தவருக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவருக்குக் கண் தெரியவில்லை. சகலை இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். "என்ன வருதுன்னு நீ சொல்லு, என்ன பண்ணணும்னு நான் சொல்றேன்" என்றார்.

"மாடு வருது!"

"எந்தப் பக்கம்?"

"நடுவுல!"

"கிளட்ச், பிரேக்!"

"எது கிளட்ச்?"

சகலை தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். மாடு சாவகாசமாகக் கடந்து போயிற்று. இப்படியே அவர் கத்த, இவர் கத்த, வேர்த்து விறுவிறுத்து ஸ்கூல் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம், உள்ளே அடிதடி நடந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் மட்டும் விஷயம் சொல்லப்பட்டது. வண்டி ஒர்க்ஷாப்பில் இருக்கிறது என்று ஸ்கூல் வாசலில் அட்டை தொங்கியது. சகலைகள் இருவரும் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் காதும் காதும் வைத்தாற்போலப் பஸ் ஏறினார்கள். சந்தேகம் வராமல் இருக்க, ஒருவர் முன்வாசலில் ஏறினார், மற்றவர் பின்வாசலில் ஏறினார். பஸ் கிளம்பியதும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியோடு சகலை ஊரில் இறங்கினார். "வெயிலுக்குப் போட்டதுன்னு சொல்லிடலாம்" என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். படியிறங்கியதும் எதிரில் மருந்துக்கடைக்காரர் நின்றார். கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"கண்ணுக்கு ஊத்துற சொட்டு மருந்துதானே? நீங்க ரெண்டு பேரும் பஸ் ஏறினப்பவே வரவழைச்சு வச்சுட்டேன்" என்றார் அவர்.

இரண்டு சகலைகளும் பேயறைந்தாற்போல நின்றார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"எப்படித் தெரியுமா?" சலூன்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எல்லாருக்கும்தான் தெரியும். மாஸ்டர்கிட்ட யாரு போய்ச் சொல்றது? அதான் உங்ககிட்ட வந்து வந்து சொன்னோம். பொம்மைக்கு வணக்கம் வச்சாரு, பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சாருன்னு. நீங்க என்னடான்னா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறீங்க. எங்களுக்கு வேற வேலை இல்லைன்னா நெனச்சீங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார்.

"வண்டி வந்தா வழியில இருக்கிற ஸ்டூலை எல்லாம் எடுத்து உள்ள வச்சுட்டு நிப்பேன்" என்றார் டீக்கடைக்காரர். "டிராஃபிக் போலீஸ்காரர் உங்க வண்டிக்கு மட்டும் நாலு பக்கமும் நிறுத்துவாரே, கவனிக்கலையா மாஸ்டர்?"

"மரியாதைன்னு நெனச்சேன்" என்றார் சகலை மெல்லிய குரலில்.

இன்னொரு கண்ணும் சரியான பிறகு சகலையின் பாடு கொண்டாட்டம்தான், வீட்டிலிருந்தவர்கள் பாடு திண்டாட்டம். ஒட்டடை தெரிந்தது, சுவரில் விரிசல் தெரிந்தது, தனக்குப் பிடித்த சட்டையின் காலர் கிழிந்திருந்தது தெரிந்தது. "இதையா போட்டுக்கிட்டு ஊரைச் சுத்தினேன்?" என்று அக்காவிடம் சண்டைக்குப் போனார். கண்ணாடிக்கடைக்காரரைப் பகல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன சகல, இப்படி நரைச்சுப் போச்சு? தொப்பை வேற!" என்று அதிர்ந்து போனார். டிரைவிங் ஸ்கூல் வாசலில் முன்னைவிடக் கூட்டம் நின்றது. அந்தக் கண்ணோடு அப்படி ஓட்டினவர் இந்தக் கண்ணோடு எப்படி ஓட்டுவார் என்று பார்க்க வந்தவர்கள் பாதி.

கண்ணாடிக்கடைக்காரர் கார் பழகுவதை விடவில்லை. லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை தோற்றார். அவர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தெருவில் எல்லோரும் ஆறுதல் சொல்லி முடித்துவிட்டார்கள். இரண்டாம் தடவை ஜெயித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வண்டிச் சாவியைக் கொடுத்து, மனைவியை அழைத்துக்கொண்டு சாப்பிட வரச் சொன்னார்.

மனைவி முன் ஸீட்டில் கைப்பிடியை விடாமல் உட்கார்ந்து வந்தாள். வழியில் ஒரு தப்பும் நடக்கவில்லை. சகலை வீட்டு கேட்டுக்குள் திருப்பும்போதுதான் கதவோரம் லேசாக, மிக மிக லேசாக, ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தார். தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. கைக்குட்டையை எடுத்து அதை மறைத்துக்கொண்டு சாயப் போனார்.

மாடி ஜன்னலிலிருந்து சகலையின் குரல் தெருவே அதிரும்படி வந்தது.

"கீறிட்டியா? பின்கதவுல, கைப்பிடிக்குக் கீழ! இங்கிருந்தே தெரியுதுய்யா!"

திட்டு தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு அதை ரசித்துக் கேட்டார். அக்கா வாசலுக்கு வந்து, "கத்துறவர் கத்தட்டும், நீங்க வந்து கை கழுவுங்க. சாப்பாடு ஆறுது" என்றாள்.